விவாதம்: மாநகராட்சிக் கணக்கு முழுவதையும் இணையத்தில் போட்டால் ஊழல் குறையுமா?

திறந்தகதவு:
போன வாரம் மன்றக் கூட்டத்தைப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். அஜெண்டாவில் 74 பொருள். 40 நிமிடத்தில் முடிந்தது. செயலர் பொருள் எண்ணை மட்டும் வாசிப்பார், நாலு பேர் மேசையைத் தட்டுவார்கள், அடுத்த எண். 31-ஆம் பொருள் என்னவென்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அவர் ஒரு கவுன்சிலரின் உதவியாளர்!

அதனால் என் கட்சி இதுதான்: கூட்டம் நேரலையில் வர வேண்டும். டெண்டர், பில், சம்பளம் எல்லாம் யாரும் கேட்காமலே இணையத்தில் இருக்க வேண்டும். மறைக்க இடம் இல்லாவிட்டால் திருட்டு தானாகக் குறையும்.

உதாரணம் வேண்டுமா? கலிபோர்னியாவில் பெல் என்று ஒரு சிறிய நகரம், மக்கள் தொகை சுமார் 36,000. அதன் நிர்வாகி ராபர்ட் ரிஸ்ஸோவுக்கு ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய 7,87,000 டாலர் என்று 2010-ல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் போட்டு உடைத்தது. அந்த நாட்டு அதிபருக்கே 4 லட்சம்தான். பகுதிநேர கவுன்சிலர்கள்கூட ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர் வாங்கியிருந்தார்கள். ரிஸ்ஸோவுக்கு 2014-ல் 12 ஆண்டுச் சிறை. அந்தச் சம்பளப் பட்டியல் முதல் வருஷமே வெளியே வந்திருந்தால் இத்தனை தூரம் போயிருக்குமா?

பழைய_கணக்கர்:
தம்பி, 27 வருஷம் நகராட்சிக் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பெல் கதையை நீங்கள் பாதிதான் சொன்னீர்கள்.

கலிபோர்னியாவில் உள்ளாட்சிக் கூட்டங்களைத் திறந்த கதவோடுதான் நடத்த வேண்டும் என்று 1953-லேயே சட்டம் வந்துவிட்டது. கவுன்சிலர் சம்பளத்துக்கு மாநிலம் வைத்திருந்த உச்சவரம்பிலிருந்து பெல் நகரம் நழுவியதும் இருட்டில் நடந்ததல்ல. 2005-ல் தனி வாக்கெடுப்பு வைத்து, நகரத்துக்கென்று தனிச் சாசனம் ஏற்படுத்தித்தான் நழுவினார்கள். அன்று வாக்குப் போட்டவர்கள் 400 பேர்கூட இல்லை. கதவு திறந்தேதான் கிடந்தது, உள்ளே எட்டிப் பார்க்க நாதியில்லை.

நேரலை பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் அலுவலகத்தில் கேமரா வந்தது. அதற்கு முன்னால் கவுன்சிலர்கள் கூட்டத்தில் சில நேரம் நிஜமாகவே ஒருவரையொருவர் கேள்வி கேட்பார்கள், மனம் மாறுவார்கள். கேமரா வந்த பிறகு சண்டை மட்டும் கூட்டத்தில், முடிவு முந்தின நாள் ராத்திரியே. வெளிச்சம் வந்ததும் எலி வளையை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

நகலெடுப்பவள்:
ஐயா, "எட்டிப் பார்க்க ஆள் இல்லை" என்று மக்கள் தலையில் பழியைப் போடுவது சுலபம். எட்டிப் பார்க்கப் போனால் என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் மூன்று தெருக்களின் சாலை வேலைக்கான பில் நகல் கேட்டு மனுப் போட்டேன். நாலு மாசம் கழித்து ஒரு குறுந்தகடு வந்தது. 412 பக்கம் ஸ்கேன். பாதிப் பக்கம் தலைகீழ், மீதி சாய்ந்து கிடக்கிறது. எழுத்து தேட முடியாது. 200-ஆம் பக்கத்துக்கு மேல் வேறு ஏதோ வார்டின் தெருவிளக்குக் கணக்கு. கொடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது, கொடுத்தார்கள் என்றும் சொல்ல முடியாது.

ஆனாலும் அந்தக் காகிதம் இல்லாமல் நாம் என்ன செய்ய முடியும்? 2002 டிசம்பரில் கிழக்கு டெல்லி சுந்தர் நகரியில் பரிவர்த்தன் அமைப்பினர் செய்தது நினைவிருக்கிறதா? டெல்லியின் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒப்பந்தப் பத்திரங்களை வாங்கி, அந்தத் தெரு மக்கள் முன்னாலேயே ஒவ்வொன்றாக வாசித்தார்கள். காகிதத்தில் இருந்த கைப்பம்பு தெருவில் இல்லை. அங்கேயே குடியிருப்பவர்களுக்கு அதைக் கண்டுபிடிக்க ஆடிட்டர் படிப்பு தேவைப்படவில்லை.

எண்_சரி:
திறந்தகதவு சொல்லும் "எல்லாவற்றையும் போட்டுவிடுவோம்" திட்டத்தை இங்கிலாந்து ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. உள்ளாட்சி மன்றங்கள் 500 பவுண்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவையும் வெளியிட வேண்டும் என்று 2011 வாக்கில் நடைமுறைக்கு வந்தது. வீட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே குடிமக்கள் தணிக்கை செய்வார்கள் என்று அமைச்சர்கள் கனவு கண்டார்கள். அதே கையோடு, உள்ளாட்சிகளின் தணிக்கையை மேற்பார்த்து வந்த ஆடிட் கமிஷனை மூட முடிவெடுத்து, 2015 மார்ச்சில் கதவைச் சாத்தினார்கள்.

பலன்? 2022–23 ஆண்டுக் கணக்குகளில் தணிக்கை முடிந்து கெடுவுக்குள் வெளிவந்தவை வெறும் 1 சதவீதம். 2023 செப்டம்பரில் பர்மிங்காம் மாநகராட்சி கைவிரித்தது, சட்டப்படி கட்டாயமான செலவு தவிர வேறு புதிய செலவு கிடையாது என்று. எக்செல் கோப்புகளெல்லாம் மாசாமாசம் ஒழுங்காக வெளிவந்துகொண்டுதான் இருந்தன.

தகவல் கடலைத் திறந்துவிடுவது தகவலை மறைப்பதற்கு இன்னொரு வழி. நகலெடுப்பவள் வாங்கிய 412 பக்கமும் அதே ஜாதிதான்.

திறந்தகதவு:
ஆடிட்டரை ஒழித்தது தப்பு என்றால் ஆடிட்டரை ஒழித்ததைத் திட்டுங்கள். கோப்பை வெளியிட்டதை ஏன் திட்டுகிறீர்கள்?

வெளியிட்டால் மாற்றம் வரும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. பெல் விவகாரத்துக்குப் பிறகு கலிபோர்னியா முழுக்க நகர அதிகாரிகளின் சம்பளத்தைப் பொதுவில் போட வைத்தார்கள். அதற்கு முன் வெளியிடாத நகரங்களில் நிர்வாகிகள் சம்பளம் சராசரியாக 7 சதவீதம் குறைந்தது என்று பொருளியலாளர் அலெக்ஸாண்ட்ரே மாஸ் காட்டினார்.

பழைய_கணக்கர்:
அதே மாஸ் ஆய்வில் அடுத்த வரியையும் படித்திருப்பீர்களே? வேலையை விட்டுப் போன நிர்வாகிகளின் விகிதம் 75 சதவீதம் கூடியது. அளவுக்கு மீறி வாங்கியவர் சம்பளம்தான் குறைந்தது என்றும் அவர் சொல்லவில்லை. ஊர் வாய்க்குப் பயந்து எல்லோருக்கும் வெட்டு. திருடனுக்குக் கிடைக்க வேண்டிய அடி ஒழுங்காக வேலை பார்த்தவன் முதுகில்.

நிர்வாகி (மட்டுறுத்துநர்):
இந்த இடத்தில் இருவர் தனிப்பட்ட சாடலில் இறங்கிய நான்கு பதிவுகள் நீக்கப்பட்டன. எந்தப் பதிவுகள், ஏன் என்று கேட்டால் காட்டுகிறேன். (இந்தத் திரியில் இதைச் சொல்லாமல் இருக்க முடியாதே!)

முன்னாள்_வார்டு:
என்னைத் திட்டுவதற்கு முன்னால் முழுசாகப் படியுங்கள். ஐந்து வருஷம் கவுன்சிலராக இருந்தேன். மேசையைத் தட்டிய நாலு பேரில் நானும் ஒருவன்.

அஜெண்டா கட்டு முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்கு வரும், இரண்டு கிலோ எடை. ஃபைலைக் கேட்டால் "கமிஷனர் டேபிள்ல இருக்கு" என்பார்கள். கமிஷனர் அறைக்குப் போனால் "செக்‌ஷன்ல இருக்கு". கூட்டத்தில் எழுந்து கேட்டால் நம்ம கட்சித் தலைவரே சட்டையைப் பிடித்து உட்கார வைப்பார். ஜனங்கள் முகம் பார்த்துத் திட்டுவது என்னை. கையெழுத்துப் போடுவது வேறொருவர். நீங்கள் ஆயிரம் கேமரா வைத்தாலும், அதிகாரம் இல்லாதவன் முகத்தில் வெளிச்சம் அடித்து என்ன ஆகப் போகிறது?

அமெரிக்காவில் ஃபிளின்ட் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். 2014 ஏப்ரலில் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். அப்போது நகரத்தை ஆண்டது மாநில அரசு நியமித்த அவசரகால மேலாளர். ஆற்றுத் தண்ணீரைப் பதப்படுத்தியதில் செய்த தப்பால் பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்தது. அதே வருஷம் அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் தொழிற்சாலை, இந்தத் தண்ணீர் எங்கள் பாகங்களை அரிக்கிறது என்று வேறு தண்ணீருக்குப் போய்விட்டது. இது ரகசியமா? செய்தியில் வந்தது. ஊரே பார்த்தது. இரும்புக்கு ஆகாத தண்ணீரை ஜனங்கள் அதன் பிறகு இன்னும் ஒரு வருஷம் குடித்தார்கள். 2015 மார்ச்சில் நகர மன்றம் பழைய தண்ணீருக்கே திரும்ப வேண்டும் என்று 7-க்கு 1 வாக்கில் தீர்மானம் போட்டது. மேலாளர் மறுத்துவிட்டார். அக்டோபரில்தான் மாறியது.

தெரியாமல் இல்லை. தெரிந்தவர்கள் கையில் குழாயின் திருகு இல்லை.

நகலெடுப்பவள்:
அண்ணே, முதன்முறையாக ஒரு கவுன்சிலர் உண்மை பேசிக் கேட்கிறேன். ஆனால் கட்சித் தலைவர் சட்டையைப் பிடித்தார் என்பது சாக்கு. பிடித்த அன்றைக்கே வெளியே வந்து சொல்லியிருக்கலாம்.

அதிகாரம் எங்கே என்கிறீர்கள். வாக்கு இருக்கிறதே? பிரேசிலில் 2003-லிருந்து மத்திய அரசு ஒரு வேலை செய்தது. எந்த நகராட்சியைத் தணிக்கை செய்வது என்று லாட்டரி குலுக்கி எடுப்பார்கள், யாராலும் ஆள் பிடித்துத் தப்ப முடியாது. அறிக்கையை வெளியிடுவார்கள். 2004 தேர்தலுக்கு முன் ஊழல் வெளிவந்த மேயர்களின் மறுதேர்வு வாய்ப்பு குறைந்தது என்று பொருளியலாளர்கள் ஃபெராஸ், ஃபினான் இருவரும் கணக்கிட்டார்கள். உள்ளூர் வானொலி நிலையம் இருந்த இடங்களில் அடி இன்னும் பலம். அதே வானொலியால் கை சுத்தமாக இருந்த மேயர்களுக்கு லாபம்.

எண்_சரி கவனிக்க வேண்டியது இதைத்தான். தணிக்கை, அதை ஊருக்குப் புரியும்படி சொல்ல ஒரு வாய், சொன்ன கையோடு தேர்தல். மூன்றும் ஒன்றாக வந்தபோது வேலை செய்தது. ஒன்றைப் பிடுங்கிவிட்டு மற்றது ஏன் ஓடவில்லை என்று கேட்கக் கூடாது.

எண்_சரி:
ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. தேர்தலுக்கு முன் வந்தது என்பதுதான் உயிர். நாலு வருஷம் தாமதமாக வரும் தணிக்கை அறிக்கை பிரேதப் பரிசோதனை.

பழைய_கணக்கர்:
இப்போதுதான் விஷயத்துக்கு வந்தீர்கள். நான் வெளிப்படைக்கு எதிரி இல்லை. நேரம் தப்பி வரும் காகிதத்தைக் கண்டு ஊர் ஏமாறுவதுதான் எனக்கு எரிச்சல்.

ஒரு கால்வாய் வேலையை வைத்துச் சொல்கிறேன். மூன்று அளவு: நீளம், அகலம், ஆழம். நீளத்தில் கை வைப்பவன் மடையன், யாரும் நடந்தே அளந்துவிடலாம். அகலம் கண்ணுக்குத் தெரியும். திருட்டெல்லாம் ஆழத்தில். எம்-புக்கில், அதாவது வேலையை அளந்து எழுதும் அளவுப் பதிவேட்டில், ஆழம் 1.20 மீட்டர் என்று இருக்கும், உள்ளே தோண்டியது 90 சென்டிமீட்டர். 600 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் என்றால் 180 கன மீட்டர் மண்ணைத் தொடாமலே காசு. மேலதிகாரி நேரில் வந்து மறுபடி அளந்து சரிபார்த்ததாக (செக் மெஷர்மெண்ட்) சிவப்பு மையில் கையெழுத்து இருக்கும். அவர் அன்று ஆபீஸை விட்டே நகர்ந்திருக்க மாட்டார்.

அந்த பில் என் மேசைக்கு வரும்போது கான்கிரீட் போட்டு, பக்கத்தில் மண் தள்ளி, மேலே ஆள் நடக்க ஆரம்பித்திருப்பார்கள். கூட்டல் கழித்தல் சரியாக இருக்கிறதா என்றுதான் நான் பார்க்க முடியும். எல்லாம் சரியாகவே இருக்கும். பாஸ் பண்ணுவேன். பண்ணியிருக்கிறேன். திறந்தகதவு கேட்கும்படி அந்த எம்-புக் பக்கத்தை இணையத்தில் போட்டாலும் நீங்கள் பார்ப்பது நான் பார்த்த அதே சுத்தமான பொய்யைத்தான்.

திறந்தகதவு:
சரி, இறங்கி வருகிறேன். பில்லைப் போடுவதைவிட, எந்தத் தேதியில் அளக்கப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே போட வைத்தால்? இந்தத் தெருவில் இத்தனாம் தேதி அளவு எடுக்கப்படும், யாரும் வந்து பார்க்கலாம் என்று ஒரு பலகை. இணையத்தில் வேண்டாம், வேலை நடக்கும் இடத்திலேயே.

முன்னாள்_வார்டு:
சொல்லிவிட்டு அளந்தால் கான்ட்ராக்டர் இரண்டு இடத்தில் மட்டும் ஆழமாகத் தோண்டி, டேப்பை அங்கேயே இறக்கிக் காட்டுவார். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்!

பழைய_கணக்கர்:
அளக்கும் இடத்தை அவர் காட்டக் கூடாது. ஒரு கல்லை எறியுங்கள், விழுந்த இடத்தில் டேப்பை இறக்கச் சொல்லுங்கள். பிரேசில் லாட்டரியும் இந்தக் கல்லும் ஒன்றுதான்.

எண்_சரி:
அளந்து என்ன செய்வது? முன்னாள் வார்டு கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறதே. திருகு யார் கையில்?

பழைய_கணக்கர்:
பில் பாஸாகும் வரைக்கும் கொஞ்சம் நம் கையிலும் இருக்கிறது. குழி திறந்திருக்கும்போது டேப்போடு எடுத்த படமும் நாலு பேர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதமும் பில்லுக்கு முன்னால் கணக்குப் பிரிவில் பதிவானால், கணக்கருக்குக் கை நடுங்கும். நாளைக்கு விசாரணை வந்தால் முதலில் மாட்டுபவர் அவர். 27 வருஷத்தில் அப்படி ஒரே ஒரு கடிதம் என் மேசைக்கு வந்தது. அந்த பில்லை நிறுத்தி வைத்தேன். வீரம் எல்லாம் இல்லை, பயம்தான்.

முன்னாள்_வார்டு:
நிறுத்தி வைத்ததும் மேலே இருந்து போன் வந்திருக்குமே?

பழைய_கணக்கர்:
வந்தது. எழுத்தில் கொடுங்கள் என்றேன். கொடுக்கவில்லை.

நகலெடுப்பவள்:
எங்கள் தெருக் கால்வாயில் நாளை மறுநாள் மண் தள்ளப் போவதாக மேஸ்திரி சொன்னார். ஐயா, எத்தனை மீட்டர் டேப் வாங்கணும்?

பழைய_கணக்கர்:
5 மீட்டர் போதும்மா. இரும்பு டேப்பாக வாங்குங்கள். துணி டேப் இழுத்த இழுப்புக்கு வரும்.