குடும்ப விவரப் படிவத்தில் புகைக்கும் ஊற்றுக்கும் இடம் வேண்டும்

சேலத்திலிருந்து:

பள்ளிக்கு ஒழுங்காக வராத எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பற்றி விசாரிக்க, சமூகப்பணியாளராக, சிவதாபுரம் பக்கத்தில் வெள்ளிக் கொலுசு செய்யும் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். வருமானம், கடன், தந்தையின் குடிப்பழக்கம் என்று எங்கள் குடும்ப விவரப் படிவம் கேட்கும் அனைத்துக்கும் விடை கிடைத்த பிறகும், அந்தப் பெண்ணின் ஓயாத இருமலை எழுத அதில் ஒரு கட்டமும் இல்லை. கொலுசைப் பற்றவைக்கும் பட்டறையும் அவள் படுத்துறங்கும் இடமும் ஒரே அறை. பற்றவைக்க உருக்கும் உலோகக் கலவையான பற்றாசில் காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்திருந்தால், சூடாக்கும்போது எழும் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று தாயிடம் சொன்னேன். "பட்டறையைத் தள்ளி வைக்க எங்களுக்கு வேறு இடம் ஏது, மேடம்?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. சோறு போடும் தொழிலை விடச் சொல்வது சமூகப்பணி ஆகாது என்பதே என் உறுதியான கருத்து. ஆகவே சிறுமியை நுரையீரல் பரிசோதனைக்கு அனுப்பியதோடு, மகளிர் குழு தன் சேமிப்பிலிருந்து உறுப்பினருக்குத் தரும் உள்கடனில் புகையை வெளியேற்றும் விசிறி வாங்கவும், காட்மியம் இல்லாத பற்றாசு தரும்படி வேலை கொடுப்பவரிடம் குழுவாகச் சென்று கேட்கவும் ஏற்பாடு செய்தோம்.

கொலுசு கழுவிய அமிலத் தண்ணீரைத் தெருச் சாக்கடையில் கொட்டுவது பற்றியும் குழுவில் பேச்சு எழுந்தது. சேர்வராயன் மலையில் பிறந்து, நகரைக் கடந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியைச் சேரும் திருமணிமுத்தாற்றில்தான் அந்தத் தண்ணீர் கலக்கிறது. இதற்கு ஒரு வீடு தனியாகத் தீர்வு காண இயலாது என்பதால், பொதுச் சுத்திகரிப்பு வசதி கேட்டு, திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் நாளில் பெண்கள் மனு கொடுத்திருக்கிறார்கள்.

ஏற்காட்டிலிருந்து:

மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஒரு சிற்றூரில், பெண்கள் குழுக் கூட்டத்துக்கு வராததற்கு அக்கறையின்மையே காரணம் என்று பழைய அறிக்கை ஒன்று கூறியது. காலையில் அவர்களுடன் நடந்தபோதுதான், கோடையில் ஊற்று வற்றுவதால் குடத்துடன் பள்ளத்தில் இறங்கி ஏறுவதிலேயே அவர்களின் முற்பகல் கழிவது தெரிந்தது. ஊரார் வழிவழியாகப் பயன்படுத்திவரும் காடான சமூகக் காட்டு வளத்தைப் பாதுகாக்கவும் மீட்டெடுக்கவும் கிராம சபைக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வழி தருகிறது என்பதை விளக்கினோம். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று கூடிய கிராம சபையில், ஊற்றுக்கு மேலுள்ள சரிவில் மரம் வெட்டக் கூடாது என்ற தீர்மானத்தை அந்தப் பெண்களே முன்மொழிந்தார்கள். குழுக் கூட்டத்தையும் மாலைக்கு மாற்றிவிட்டோம். மலை ஊற்றுகளைப் பராமரித்த அனுபவம் உள்ள தோழர்கள், சரிவில் எந்த நாட்டு மரங்களை நட்டார்கள் என்பதை எழுதினால் எங்களுக்குப் பெரிதும் உதவும்.