ஃப்ரைபுர்க் – பார்சிலோனா, இன்டர்ரெயிலில் ஒரே நாளில் போக வழி உண்டா?

ஈஸ்டர் விடுமுறைக்கு ஜெர்மனியின் ஃப்ரைபுர்கிலிருந்து ஸ்பெயினின் பார்சிலோனாவுக்கு இன்டர்ரெயில் பாஸில் (ஐரோப்பாவில் வசிப்பவர்கள் பல நாட்டு ரயில்களில் போக வாங்கும் பாஸ்) போகணும். பாரிஸ் – பார்சிலோனா அதிவேக ரயிலில் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இடம் தீர்ந்துவிட்டது. ரயிலில் காலி இருந்தாலும் அந்த ஒதுக்கீடு முடிந்தால் முழு டிக்கெட்தான்.

பாஸ்: இன்டர்ரெயில் யூத், ஒரு மாதத்தில் 4 பயண நாள் (பாஸில் ரயில் ஏறும் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று கழியும்), இரண்டாம் வகுப்பு. இந்திய பாஸ்போர்ட், ஜெர்மன் வதிவிட அனுமதி (அதனால் ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கான யூரெயில் பாஸ் வாங்க முடியாது).

பார்த்த மாற்றுவழிகள்: இரவுப் பேருந்து விடுமுறை விலையில் எகிறிக் கிடக்கிறது. பாசெல் விமானம் பார்க்க மலிவு, பெட்டிக்குக் கட்டினால் அதுவும் போச்சு. தென் பிரான்ஸின் பெர்பிஞான் வரை வேறு அதிவேக ரயில் தேடினேன், அதிலும் முன்பதிவு கட்டாயம்.

மிச்சம் இருப்பது முன்பதிவே வேண்டாத வழி: பாசெல், ஜெனீவா, லியோன், அவிஞோன், நார்போன், போர்ட்போ (பிரான்ஸ் எல்லையை ஒட்டிய ஸ்பெயின் ஊர்). தண்டவாள அகலம் மாறுவதால் போர்ட்போவில் எப்படியும் இறங்கி ஸ்பெயினின் ஆர்11 ரயிலுக்கு மாறணும். சிக்கல் லியோனில்தான்: ஜெனீவா வண்டி கொஞ்சம் தாமதித்தால் அவிஞோன் வண்டி தப்பும், போர்ட்போவில் கடைசி ஆர்11-உம் போய்விடும். இரவு தங்கினால் இன்னொரு பயண நாள் செலவு. அதைத் தவிர்க்க போர்ட்போ – பார்சிலோனாவுக்கு மட்டும் தனி டிக்கெட் எடுக்கலாம்.

இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்: இரவு தங்க நார்போன் நல்லதா, போர்ட்போவா?