சொல்லிக்காமயே வெளிய அனுப்பிட்டாங்க, இப்ப என்ன பண்ணோணும்?

கோபி அம்மணி: வணக்கமுங்க. வெளிநாட்டுல இருக்கறேன். செவ்வாக்கிழமை காலைல வீடியோ கால்ல கூப்பிட்டு வேலை இல்லைன்னு சொல்லிட்டாங்க. கால் முடியறதுக்குள்ள லேப்டாப் பூட்டிக்கிச்சு. ஆறு வருசம் ஒரே கம்பெனி. ஒருத்தர்கிட்டயும் போயிட்டு வாரேன்னு சொல்லிக்க முடியலீங்க, அதுதான் மனசை அறுக்குது. கூட இருந்தவங்களுக்கு எழுதலாமா? எப்படி எழுதறது? கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு பேப்பர் வேற வந்திருக்குது. அம்மா குடுத்த தூக்குப்போசி ஆபீஸ்லயே கிடக்குது. ஊர்ல இருக்கற ஊட்டுக்கு இன்னும் சொல்லலீங்க.

காங்கேயத்தார், சிங்கப்பூர்: எழுதறது அப்புறம் அம்மணி, மொதல்ல நாளை எண்ணுங்க. இங்க வேலை பாஸ் ரத்தானா பொதுவா 30 நாள்தான் இருக்கலாம். வரி கிளியரன்ஸ் முடியற வரைக்கும் கடைசி சம்பளத்தை நிறுத்தி வெப்பாங்க. அதுக்குக் கம்பெனி போடற ஐஆர்21 படிவம் போட்டுட்டாங்களான்னு கேளுங்க. அந்த மாசத்தை ஓட்டறதுக்குக் கையில காசு வெச்சுக்குங்க.

பொள்ளாச்சி மாப்ளை: 30 இல்லீங்க, அமெரிக்காவுல 60 நாள். அதுக்குள்ள வேற கம்பெனி எச்1பி வேலை விசாவுக்கு மனுப் போட்டாப் போதும். ஆனா பேப்பர் முடியற வரைக்கும் யாருக்கும் ஒரு வரி எழுதாதீங்க.

பவானிக்காரி: எழுதாம இருந்தா எப்படி? ரெண்டு வாரம் போனா அவங்கவங்க வேலைல மூழ்கிருவாங்க. ஞாபகம் சூடா இருக்கறப்பவே எழுதோணும்.

பெருந்துறை அண்ணன்: ஊட்டு வாடகை லீஸை எடுத்துப் பாரு கண்ணு. பாதில காலி பண்ணா எத்தனை மாச வாடகை, எத்தனை நாள் முன்னாடி சொல்லோணும்னு அதுல இருக்கும். வந்த முதல் வருசத்துல எல்லாருக்கும் கழுத்தைப் பிடிக்கறது அதுதான்.

காங்கேயத்தார், சிங்கப்பூர்: நம்மூர்ல ஒரு கடைல ஆறு மாசம் நின்னவன்கூட மொதலாளிகிட்டச் சொல்லிட்டுத்தான் கிளம்புவான். இவங்களுக்குப் பத்து நிமிசம் போதுமாம்.

பவானிக்காரி: ஊர்ல தெரிஞ்சாப் போதும், ஒறம்பரை பூரா போன் போட்டு எப்ப வாரேன்னு கேப்பாங்க. அதுக்கே பாதி உசிரு போயிரும்.

சூலூர் அக்கா: எல்லாரும் கொஞ்சம் பொறுங்க. கண்ணு, எந்த நாடு, என்ன விசா, பேப்பர்ல கடைசி நாள் என்னன்னு போட்டிருக்குது?

கோபி அம்மணி: மன்னிச்சுக்குங்க அக்கா. அமெரிக்கா, டெக்சஸ். கோயமுத்தூர் ஆபீஸ்ல இருந்து, கம்பெனியே மாத்தி அனுப்பற எல்-1 விசால வந்து ஒன்பது மாசம் ஆச்சு. ஊட்டுக்காரர் எல்-2. கடைசி நாள் இந்த மாசக் கடைசி, அதுவரைக்கும் சம்பளம் உண்டு. வயசு 31.

சூலூர் அக்கா: அப்படின்னா மேல சொன்னதுல பாதி உனக்குப் பொருந்தாது கண்ணு.

60 நாள்ங்கறது சரி. ஆனா எதுவரைக்கும் இங்க இருக்கலாம்னு போட்ட ஐ-94 பதிவோட தேதி அதுக்கு முன்னாடி முடிஞ்சா அதுதான் கணக்கு. பொதுவா சம்பளம் தந்த கடைசி நாள்ல இருந்து எண்ணுவாங்க. வேலையை விட்டு அனுப்பறப்பத் தர்ற செவரன்ஸ் காசு வந்தா நாள் நீளாது. கடைசி நாள் தேதியை எச்ஆர்கிட்ட மெயில்லயே கேட்டு வாங்கு. மாப்ளை சொன்ன எச்1பி வழி, வருசா வருசம் அந்த விசாவுக்குப் போடற லாட்டரில முன்னாடியே தேறி எண்ணிக்கைல வந்தவங்களுக்கு. மத்தவங்களுக்குப் பல்கலைக்கழகம் மாதிரி லாட்டரிக்கு வெளிய இருக்கற இடந்தான். மூட்டை கட்ட நாள் பத்தலைன்னா அந்த 60 நாளுக்குள்ள ஐ-539 படிவம் போட்டு பி-2 சுற்றுலா விசா நிலை கேக்கலாம், ஆனா அதுல வேலை பார்க்கக் கூடாது. எல்-2 உன்னோட எல்-1ஐப் பிடிச்சுத்தான் நிக்குது, அவர் வேலையையும் இதே கணக்குல பாரு. ஒரு குடிவரவு வக்கீல்கிட்ட இந்த வாரமே பேசிரு.

பேப்பர்ல இன்னைக்கே கையெழுத்து வேண்டாம். 40 வயசு ஆனவங்களுக்கு யோசிக்க 21 நாள், கூட்டமா வேலையை விட்டு அனுப்பினா 45 நாள், போட்ட பிறகும் மனசு மாற 7 நாள்னு சட்டமே இருக்குது. உனக்குப் பேப்பர்ல போட்ட தேதிதான். பத்தலைன்னா இன்னும் ஒரு வாரம் வேணும்னு எழுதிக் கேளு. கம்பெனியைத் தப்பாப் பேசக்கூடாது, தொகையை வெளிய சொல்லக்கூடாதுன்னு வரி இருக்கும். அதைப் படிச்சுட்டே எழுத ஆரம்பி. நன்றி சொல்றதை அந்த வரி தடுக்காது.

பூராப் பேருக்கும் ஒரே மெயில் போடாதே. அஞ்சாறு பேரு, பேர் பேரா, உன் சொந்த மெயில்ல இருந்து. ஏன் நிறுத்தினாங்க, இன்னும் யார் யார் போனாங்க, ஒண்ணும் வேண்டாம். அவங்க உனக்குப் பண்ண ஒரு காரியத்தைப் பேர் சொல்லி எழுதோணும். இப்படி: 'பிப்ரவரி ரிலீஸ் அன்னைக்கு ராத்திரி நீங்க கூட உக்காந்து அந்தக் கோளாறைக் கண்டுபிடிச்சுக் குடுத்தீங்க, அது மறக்காது. நேர்ல சொல்லிக்க முடியலை. என் நம்பர் இது, நான் எங்க இருந்தாலும் இதுல கூப்பிடலாம்.' இதுக்கு மேல நீட்ட வேண்டாம். அவங்க பதில் போட்டா, ஒரு வாரம் விட்டு ரெகமண்டேசன் கேளு. நீ பண்ண எந்த வேலையைப் பத்தி எழுதோணும்னு நீயே ரெண்டு வரி குடுத்தா அவங்களுக்குச் சுலபம்.

டெக்சஸ்ல நிறுத்தின ஆறு நாளுக்குள்ள கடைசி சம்பளம் வந்தரோணும். மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியோட முடியுதுன்னு கேளு. அதே காப்பீட்டை நம்ம காசுல தொடர்ற கோப்ராவுக்கு முடிவு பண்ண 60 நாள் இருக்குது. அதுக்குள்ள எடுத்துப் பிரீமியம் கட்டினா, நின்ன நாள்ல இருந்தே சேரும். விலை அதிகம். திரும்பற டிக்கெட்டை எச்1பிக்குக் கம்பெனி தரோணும்னு சட்டம், எல்-1க்கு இல்லை. உன்னை இங்க அனுப்பறப்பக் குடுத்த டெபுடேசன் லெட்டர்ல எழுதியிருக்குதான்னு பாரு. லேப்டாப் அனுப்பறப்ப சீரியல் நம்பர், சார்ஜர் எல்லாம் தெரியற மாதிரி போட்டோ எடு. பெட்டியை வாசல்ல வெச்சுட்டு வராதே, கூரியர் கவுண்டர்ல குடுத்து ரசீது வாங்கு.

பெருந்துறை அண்ணன்: கோயமுத்தூர் கணக்கை விட்டுட்டீங்களே. அங்க ராஜினாமா பண்ணிட்டு வந்தியா, இல்லை அந்த வேலை இன்னும் உயிரோட இருக்குதா? இருந்தாத் திரும்பச் சேர வழி கேளு. இல்லைன்னா ரிலீவிங் லெட்டர் வேணும், பிஎஃப்ல வெளியேறின தேதி ஏறியிருக்கோணும், அங்கயே அஞ்சு வருசம் முடிஞ்சிருந்தா கிராஜுவிட்டியும் வரோணும். ரிலீவிங் லெட்டர் இல்லாம நம்மூர்ல அடுத்த கம்பெனி படியேற விடாது.

பவானிக்காரி: ஊட்டுக்கு இந்த ஞாயித்துக்கிழமையே சொல்லிரு கண்ணு. கடைசி நாள் எப்ப, எத்தனை நாள் இருக்கலாம், கையில எத்தனை மாசத்துக்குக் காசு இருக்குது, இந்த மூணையும் சேர்த்துச் சொன்னா அவங்க பயம் பாதி குறையும்.

கோபி அம்மணி: சரிங்க அக்கா, சரிங்க அண்ணா. அஞ்சு பேர் எழுதி வெச்சுட்டேன். டெஸ்க் சாமானுக்கு எச்ஆருக்குப் போடற மெயில்ல போசியை எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க, சாப்பாட்டு டப்பான்னு போட்டாப் புரியுமா?

சூலூர் அக்கா: உயரம், கைப்பிடி, எந்த டிராயர்னு எழுது. மூடியைத் தனியா ஒரு வரில போடு, இல்லைன்னா மூடி இல்லாமயே அனுப்பிருவாங்க.

கோபி அம்மணி: மூடி மேலதானுங்க அப்பா பேரு வெட்டியிருக்குது. அதையும் எழுதிட்டேன்.