கலைச்சொல் உதவி: தெரிந்தே செய்யும் ‘அனாக்ரோனிச’த்துக்கு (ஒரு காலத்துக்கு உரியதை வேறு காலத்தில் வைப்பதற்கு) என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம்.

‘சாமுராய் சம்ப்லூ’ என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். 2004இல் வந்தது, 26 பாகம், இயக்குநர் ஷினிசிரோ வதனாபே. இரண்டாம் பத்தியிலேயே வண்டி நின்றுவிட்டது.

கதை நடப்பது ஜப்பான் வரலாற்றில் ‘எதோ’ (Edo) என்று பெயர் பெற்ற காலத்தில், அதாவது 1603க்கும் 1868க்கும் இடையில். தேநீர்க்கடையில் வேலை பார்த்த ஃபூ என்ற பெண், தலைவனை இழந்த சாமுராய் ஜின், ரியூக்யூத் தீவுக்காரன் முகென் ஆகிய மூவரும் சூரியகாந்தி மணக்கும் ஒரு சாமுராயைத் தேடி நடக்கிறார்கள். இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும்போது, டிஜே இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்க்கும் கிறீச்சொலி கேட்கிறது. முகென் வாளோடு கையை ஊன்றித் தலைகீழாகச் சுழன்று மரக்கட்டைச் செருப்பால் உதைக்கிறான்; அசல் பிரேக் டான்ஸ். ஒரு பாகத்தில் வீம்புக்காரன் ஒருவன் தற்பெருமை பேசிக்கொண்டு வருகிறான், கூட வரும் அல்லக்கை வாயாலேயே தாளம் போடுகிறான். இன்னொரு பாகத்தில் பேஸ்பால் ஆட்டம். ஜப்பானுக்கு பேஸ்பால் போனது 1872இல், எதோ காலம் முடிந்த பிறகு.

இதைக் ‘காலவழு’ என்று எழுதினேன், அடித்தேன். பழைய புராணப் படத்தில் அரசர் தோளில் அம்மைத் தடுப்பூசித் தழும்பு தெரிந்தால் அது காலவழு. மேக்கப்காரர் கவனிக்கவில்லை, கேமராக்காரரும் கவனிக்கவில்லை. இங்கே அப்படியா? இசைத்தட்டு தெரியாமல் வந்து விழவில்லையே. ‘காலமுரண்’ என்றும் போட்டுப் பார்த்தேன். முரண் என்றால் இரண்டும் சண்டை போட வேண்டும்; தொடரில் அவை ஒட்டி உறவாடுகின்றன. பிழையையும் உத்தியையும் பிரித்துக்காட்ட இரண்டு சொல் வேண்டும். உதவுங்கள்.

———

மறுமொழி

அம்மா, நீங்கள் தேடுவது நன்னூலிலேயே இருக்கிறது. வழு என்று ஒன்று உண்டென்றால் வழுவமைதி என்றும் ஒன்று உண்டு. வழுதான், ஆனால் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்கிறோம்.

“விரைவினும் மிகவினும் தெளிவினும் இயல்பினும்
பிறழவும் பெறூஉம்முக் காலமும் ஏற்புழி”

வாசலில் நண்பன் கூப்பிடுகிறான். சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் உள்ளே இருந்தபடி “இதோ வந்துட்டேன்” என்கிறோம். வரவில்லை, வரப்போகிறோம். எதிர்காலத்தை இறந்தகாலத்தில் சொல்வது வழு. விரைவு காரணமாகச் சொன்னதால் வழுவமைதி. உங்கள் இயக்குநரும் ஏதோ ஒரு காரணம் பற்றியே 20ஆம் நூற்றாண்டை 17க்குள் கொண்டுபோகிறார். ஆகவே ‘காலவழுவமைதி’. புதிதாக எதையும் காய்ச்சி வடிக்க வேண்டாம். நான் முப்பது ஆண்டு பிள்ளைகளுக்கு நடத்திய சொல், தூசி தட்டினால் போதும்.

———

மறுமொழி

ஐயா சொல்வது அழகு. ஆனால் எனக்கு இரண்டு தடை. ஒன்று, அந்தச் சொல்லுக்கு இலக்கணத்தில் ஏற்கெனவே வேலை இருக்கிறது. வினைச்சொல்லின் காலத்தோடு கலை உத்தியையும் அதே பெயரால் அழைத்தால் தேடுபவர் குழம்புவார். இரண்டு, ‘அமைதி’ என்பதில் ஒரு மன்னிப்பு ஒளிந்திருக்கிறது: “தப்புதான், போனால் போகட்டும்.” இந்தத் தொடர் மன்னிப்புக் கேட்கும் ஆள் இல்லை. இது சரியான வரலாறு அல்ல, அதனால் எங்களுக்கென்ன, வாயை மூடிக்கொண்டு பாருங்கள் என்ற பொருளில் முதல் பாகத்திலேயே அறிவிப்புப் போடுகிறார்கள்!

தலைப்பையே பார்ப்போமே. சம்ப்லூ என்பது ரியூக்யூத் தீவுகளில் ஒன்றான ஓகினாவாவின் ‘சம்ப்புரு’. பாகற்காய், டோஃபு, முட்டை எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுப் பிரட்டி எடுக்கும் சாப்பாடு. நான் பினாங்குக்காரன், இங்கே ‘நாசி சம்பூர்’ என்றால் சோற்றோடு நாலு வகைக் கறியும் ஒரே தட்டில். மலாயில் சம்பூர் என்றால் கலப்பு. இரண்டு சொல்லுக்கும் உறவு உண்டு என்று சொல்வோரும் இருக்கிறார்கள். முகெனும் அந்தத் தீவுப்பக்கத்து ஆள்தான், பெயர் சும்மா வைக்கப்படவில்லை. ஆகவே என் முன்மொழிவு: ‘காலக்கதம்பம்’.

———

மறுமொழி

ஐயாவுக்கும் பினாங்கு அண்ணனுக்கும் நன்றி. இரண்டையும் கட்டுரைக்குள் வைத்து இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன்.

கதம்பம் வாய்க்கு இனிமையாக இருக்கிறது. “இது ஒரு காலக்கதம்பத் தொடர்” என்று வகைமைக்குப் பெயராகச் சொல்லலாம், அங்கே அதை வைத்துக்கொள்கிறேன். உத்திக்குப் பெயராக வைத்தால் உதைக்கிறது. கதம்பத்தில் மல்லியும் கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் ஒரே தகுதியில் கட்டப்படும். இந்தத் தொடரில் எல்லாமே கலப்பதில்லை. மறுபடி பார்த்தபோதுதான் அது பிடிபட்டது.

ஐந்தாம் பாகத்தில் ஹிஷிகவா மொரோனொபு என்ற உக்கியோ-எ (மரப்பலகை அச்சுப் பாணி) ஓவியர் வருகிறார். உண்மையில் வாழ்ந்தவர், 1694இல் இறந்தவர். அடுத்த பாகத்திலேயே டச்சு வணிகக் கம்பெனியின் ஐசக் டிட்சிங் வருகிறார். அவர் நாகசாகியில் கம்பெனித் தலைவராக அமர்ந்ததே 1779இல். இருவருக்கும் நடுவே 85 ஆண்டுப் பள்ளம். நம் மூவரோ அதை ஒரு வாரத்தில் தாண்டிவிடுகிறார்கள். அதாவது இசைத்தட்டு, பிரேக் டான்ஸ், வாய்த்தாளம் என்ற ஹிப்-ஹாப் சமாச்சாரம் உள்ளே வந்ததோடு முடியவில்லை, எதோ காலமே தன் முன்பின்னை இழந்து மடிந்து கிடக்கிறது. ஆனால் 1637–38இல் ஷிமாபாராவில் நடந்த கிறித்தவ உழவர்களின் கிளர்ச்சியும், அதற்குப்பின் ஒளிந்து வாழ்ந்த கிறித்தவர்களின் அச்சமும் வரும் இடங்களில் கேலி நின்றுவிடுகிறது. ஃபூ தேடும் ஆளின் கதை அதில்தான் வேர்விட்டிருக்கிறது. அந்தத் துயரத்தின் மேல் யாரும் பேஸ்பால் ஆடுவதில்லை.

இதைப் படிக்கும்போது உங்களுக்கும் தொல்காப்பியம் நினைவுக்கு வருகிறதா? “திணைமயக் குறுதலும் கடிநிலை இலவே” (திணைகள் கலப்பதற்குத் தடையில்லை) என்கிறார் தொல்காப்பியர். அடுத்த நூற்பாவில் “உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே.” உரிப்பொருள் என்றால் பாட்டின் உணர்வு; கருப்பொருள் என்றால் பூ, பறவை, பறை போன்றவை. குறிஞ்சியின் பூ நெய்தலில் பூக்கலாம், பறவை இடம் மாறலாம், பறை மாறலாம். சூரியகாந்தித் தொடரும் இதையேதான் செய்கிறது: கருப்பொருளைக் கலக்கிவிட்டு உரிப்பொருளைத் தொடாமல் விடுகிறது. வாளும் இசைத்தட்டும் மயங்கும். தேடலும் பிரிவும் மயங்கா. அதனால் ‘திணைமயக்கம்’ போலவே ‘காலமயக்கம்’. தெரியாமல் நேர்ந்தால் காலவழு, தெரிந்தே செய்தால் காலமயக்கம்.

இந்தப் பிரிவு உடனே ஒரு வேலைக்கும் உதவியது. ஜின் மூக்குக்கண்ணாடி போட்டிருப்பதை என் வரைவில் உத்திகளின் வரிசையில் சேர்த்திருந்தேன். தேடினால், கண்ணாடி 16ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியர் வழியாக ஜப்பானுக்குப் போய்விட்டது. அது வழுவும் இல்லை, மயக்கமும் இல்லை. வெட்டிவிட்டேன்.

———

மறுமொழி

திணைமயக்கத்தை எடுத்ததற்கு முதலில் ஒரு சபாஷ். என் வழுவமைதியைத் திரும்பப் பெறுகிறேன், வருத்தமில்லை. ஆனால் ஒரு கிழவனின் ஐயம். வீட்டில் “காலமயக்கம்” என்று சொல்லிப் பார்த்தேன். பேரன், “காலத்துக்குத் தலை சுத்துதா தாத்தா, சோடா குடுங்க” என்கிறான். இன்று மயக்கம் என்றால் பேருந்து நிலையத்தில் விழுவதுதான். தவிர, ‘கால மயக்கம்’ என்று பழைய இலக்கண உரைகளிலும் ஒரு சொல்லாட்சி உண்டே? என் சொல்லுக்குச் சொன்ன தடை உங்கள் சொல்லுக்கும் பொருந்தாதா?

———

மறுமொழி

பொருந்தும், ஐயா. மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆட்சி உரை படிப்பவர்களோடு நின்றுவிட்டது. வழுவமைதியோ பத்தாம் வகுப்புத் தேர்வு வரை வருகிறது. மோதல் குறைந்த இடத்தில் வண்டியை நிறுத்துகிறேன்.

பேரன் சொன்னதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. இந்தத் தொடருக்கு இசையமைத்தவர்களில் ஒருவர் நுஜபெஸ், 2010இல் விபத்தில் இறந்தார். பழைய ஜாஸ் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அதன் கீழே ஹிப்-ஹாப் தாளத்தைப் போட்டு, அதையே சுற்றிச் சுற்றி ஓடவிடும் வேலை அவருடையது. முகப்புப் பாடலைக் கேட்டுக்கொண்டே வயல்வரப்பில் மூவர் நடப்பதைப் பார்த்தால் இது எந்த நூற்றாண்டு என்று ஒரு நொடி தலை சுற்றத்தான் செய்கிறது. அந்த நொடிக்கும் சேர்த்தே இந்தப் பெயர் இருக்கட்டும்.

முதல் இடத்தில் மட்டும் “காலமயக்கம், அதாவது தெரிந்தே செய்யும் அனாக்ரோனிசம்” என்று விளக்கம் தருகிறேன். பிறகு காலமயக்கக் காட்சி, காலமயங்கிய உடை என்று தடையில்லாமல் ஓடுகிறது. ‘காலவழுவமைதிக் காட்சி’ என்று எழுதிப் பார்த்தேன், மூச்சு வாங்கியது.

———

மறுமொழி

சரி. சேர்த்தே எழுதுங்கள், இடைவெளி விடாதீர்கள். பிரித்தால் பழைய இலக்கணப் பொருள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்தத் தொடரைப் பேரனோடு பார்க்கலாமா? வெட்டு குத்து எவ்வளவு?

———

மறுமொழி

நிறையவே, ஐயா. ரத்தமும் உண்டு, விலைமாதர் விடுதியும் உண்டு. பேரன் பெரியவனாகட்டும். நீங்கள் மட்டும் அந்த பேஸ்பால் பாகத்திலிருந்து தொடங்குங்கள்.