பஸ்ஸில் எடுத்த படம்: முகத்தை மட்டும் வெட்டி எடுப்பதா, பஸ்ஸையும் விடுவதா?

உப்புவெளிக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை பஸ் ஸ்டாண்டிலிருந்து மூதூர் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். 28 மி.மீ. லென்ஸ் உள்ள சின்னக் கமரா, 24 மெகாபிக்சல். பஸ்ஸுக்குள் சனங்கள் கவனிக்காத நேரம் பார்த்துப் படம் எடுப்பேன். இப்போது கிண்ணியாப் பாலத்தில் எடுத்த ஒரு படத்தில் சிக்கி நிற்கிறேன். யன்னலோரம் வயதான அம்மா ஒருவர், மடியில் வெறும் கூடை, வெளியே கடலைப் பார்க்கிறார். பக்கத்தில் பள்ளிக்கூடப் பையன், அவர் தோளில் முகம் புதைத்து நித்திரை. மேலே கம்பியைப் பிடித்திருக்கும் யாரோ ஒருவருடைய கை. நண்பர் ஒருவர் அம்மாவின் முகமும் கடலும் மட்டும் வரும்படி 4:5 அளவில் (அகலம் 4, உயரம் 5) வெட்டித் தந்தார். பார்த்தவர்கள் எல்லாம் அதுதான் நல்லது என்கிறார்கள், எனக்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள் என்றால் எப்படி வெட்டுவீர்கள்? அப்புறம், முகம் தெரிகிற படத்தைக் கேட்காமல் இணையத்தில் போடலாமா?

குடாக்கரை:
தம்பி, வெட்டின படத்தில் பஸ் இல்லை, அதுதான் மனம் ஒப்பவில்லை. முகமும் கடலும் மட்டும் என்றால் அவர் கடற்கரையில் இருந்தாலும் அதே படம்தான் வந்திருக்கும். கம்பியில் இருக்கிற அந்தக் கையை விடுங்கள். பஸ் நிறைந்திருக்கிறது, ஆட்கள் நின்று வருகிறார்கள், அதற்குள் இந்த அம்மா தன் பாட்டில் இருக்கிறார் என்பதை அந்த ஒரு கைதான் சொல்கிறது.

கணக்கையும் பாருங்கள். உங்கள் கமராவில் படம் 6000க்கு 4000 பிக்சல், அதாவது 3:2. அதை உயரம் குறையாமல் 4:5 ஆக நிமிர்த்தி வெட்டினால் அகலத்தில் 3200தான் மிஞ்சும், கிட்டத்தட்ட பாதி போய்விடும். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற படத்துக்கு அது சரிவராது. 3:2ஐ அப்படியே வைத்து, நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாருங்கள். 4500க்கு 3000 வரை வந்தாலும் 15 அங்குல அகலத்துக்கு நல்ல பிரிண்ட் போடலாம். 28 மி.மீ. அகலக் கோண லென்ஸில் ஓரத்தில் இருக்கிற முகம் இழுபட்டுத் தெரியும், ஓரத்தைக் குறைத்தால் எஞ்சிய படம் இயல்பாக இருக்கும்.

படம் சாய்ந்திருந்தால் கடலை வைத்து நேராக்காதீர்கள், பஸ் குலுங்கும்போது கடல் எப்படியும் சாயும். யன்னல் சட்டத்தின் நிமிர்ந்த கம்பியை வைத்து நேராக்குங்கள், இருக்கிற ஆட்கள் நிமிர்ந்து தெரிவார்கள். இனி எடுக்கும்போது, பஸ் குலுக்கத்தில் படம் கலங்காமல் இருக்க, ஷட்டர் வேகத்தை 1/500 செக்கனில் வையுங்கள். காலையில் கிண்ணியா நோக்கிப் போகும்போது வெயில் இடப்பக்கம், கொட்டியாரக் குடாப் பக்கமிருந்து வரும், அந்தப் பக்கச் சீட்டில் இருப்பவர் முகத்தில் பாதி வெளிச்சம் பாதி இருட்டு. கடல் வெளுத்துப் போனாலும் பரவாயில்லை என்று முகத்துக்கு வெளிச்சம் அளவிடுங்கள்.

இந்தப் பாலம் 2009இல்தான் திறந்தது. அதற்கு முன் பாதையில் (மிதவைப் படகில்) ஏறி, தண்ணீரைக் கடந்து, அந்தப் பக்கம் திரும்ப பஸ் பிடித்த சனங்களின் படங்கள் என் கண்ணில் பட்டது மிகக் குறைவு. இன்று எடுக்கிறவர்களாவது சீட்டையும் கம்பியையும் கூடையையும் விட்டுவைக்க வேண்டும்.

தம்பலகாமத்து அக்கா:
குடாக்கரை அண்ணா சொன்னது சரி, ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. பையனை வெட்டிவிட்டால் அந்த அம்மா தனியாள் ஆகிவிடுவார். வெறும் கூடை, தனிமை, கடல், உடனே கீழே எல்லோரும் "பாவம்" என்று எழுதுவார்கள். உண்மையில் அவர் தோளில் ஒரு பிள்ளை நம்பிக்கையாக நித்திரை கொள்கிறான், கூடை வெறுமையாக இருப்பது எல்லாம் விற்றுப்போனதாலும் இருக்கலாம். இல்லாத துயரத்தை ஒருவர் தலையில் ஏற்றிவைக்க அந்த ஒரு வெட்டுப் போதும். அழகாக வருகிறது என்பதற்காக அதைச் செய்யக் கூடாது.

கேட்காமல் போடுவதைப் பற்றி: அமெரிக்கப் படப்பிடிப்பாளர் வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயோர்க் நிலக்கீழ் ரயிலில் கோட்டுக்குள் கமராவை மறைத்துவைத்து எதிர்ச் சீட்டுக்காரரை எடுத்தார். அவை புத்தகமாக வந்தது 1966இல். அதற்குள் அந்த முகங்களுக்குக் கால் நூற்றாண்டு போய்விட்டது. நீங்கள் காலையில் போடுகிற படம் பின்னேரம் அந்த அம்மாவின் மகளுடைய போனுக்குப் போய்விடும், அந்த இடைவெளி நமக்கு இல்லை. இன்னொன்று, இது திருகோணமலை. சோதனைச் சாவடிகளில் இறங்கி நின்று அடையாள அட்டை காட்டிப் பழகிய தலைமுறை இன்னும் அதே பஸ்ஸில்தான் வருகிறது. தங்களை நோக்கி ஒருவன் எதையாவது நீட்டினால் அவர்கள் நெஞ்சு இடிக்கும். பெண்களுக்கு அது இன்னும் அதிகம், நான் நித்திரையாக இருக்கும்போது யாராவது எடுத்தால் கட்டாயம் கேள்வி கேட்பேன்.

ஒளித்துளி:
அக்காவோடு உடன்படுகிறேன், ஆனால் முதலே கேட்டால் எல்லோரும் நிமிர்ந்திருந்து சிரிப்பார்கள், அந்தக் கணம் போய்விடும். எடுத்த பிறகு காட்டுங்கள். 1980இல் அதே நியூயோர்க் ரயிலில் படம் எடுத்த புரூஸ் டேவிட்சன் தன் படங்களைச் சின்ன ஆல்பமாகக் கொண்டு திரிந்து சனங்களுக்குக் காட்டுவார். நீங்களும் நாளாந்தம் அதே பஸ்தானே? 4க்கு 6 அங்குலத்தில் ஒரு பிரிண்ட் போட்டுப் பையில் வைத்திருங்கள், அந்த அம்மா திரும்ப ஏறும் நாளில் கையில் கொடுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள், பேரம் பேசாதீர்கள்.

உப்புவெளிக்காரன்:
நன்றி அக்கா, அண்ணாமார். பையன் கட்டாயம் இருப்பான். பிரிண்ட் கொடுத்து அவர் சரி என்று சொல்லும் வரை எங்கும் போடமாட்டேன். ஒரு சந்தேகம்: வலப்பக்கம் முன் சீட்டுக்காரரின் பாதித் தலை கறுப்பாக வருகிறது. அதை வெட்டப் போனால் பையனின் முழங்கையும் போகிறது.

குடாக்கரை:
தலையை விடுங்கள், கறுப்பாக இருந்தால் கண் அதில் நிற்காது, உள்ளே போய்விடும். முழங்கையில், மணிக்கட்டில் மட்டும் வெட்டாதீர்கள், கை முறிந்தது போலத் தெரியும். குறைக்கத்தான் வேண்டும் என்றால் மேலே இருந்து குறையுங்கள், அந்தக் கம்பிக்குக் கொஞ்சம் மேலே வரை.