முதல் மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கை வரமாட்டேங்குது, என்ன செய்யலாம்?

சிப்காட் தம்பி:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். திருநெல்வேலி பக்கம் கங்கைகொண்டானில் வேலை. கையில் எட்டு லட்சம் சேர்ந்திருக்கிறது. தாழையூத்து, முன்னீர்பள்ளம் பக்கமெல்லாம் மனை பார்க்கிறேன். இடம் பிடித்துவிடும், விலையும் ஒத்துவரும். புரோக்கர் அட்வான்ஸ் பேச்சை எடுத்ததும் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று கிளம்பி வந்துவிடுவேன். எப்படித்தான் துணிவது?

பாளை பத்திர எழுத்தர்:
தம்பி, எட்டு லட்சம் உங்கள் பல வருட உழைப்பு. கை நடுங்கத்தான் செய்யும். ஆனால் "யோசிக்கிறேன்" என்று போகிற பலருக்கு எதை யோசிக்கிறோம் என்பதே தெரிவதில்லை. அதைத்தான் நான் என் மேசையில் தினமும் பார்க்கிறேன். பிடித்த ஒரே ஒரு மனையை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வே எண்ணும் பத்திர நகலும் கேளுங்கள். தர மறுத்தால் அந்த மனையை அன்றே விட்டுவிடுங்கள்.

எண் கிடைத்த அன்று ராத்திரியே பதிவுத்துறை தளத்தில் வில்லங்கம் (அந்த இடம் யார் யாருக்கு விற்றது, அடமானம் போனது என்ற பதிவு விவரம்) போட்டுப் பாருங்கள். பார்க்கக் காசு கிடையாது. பட்டாவையும் (வருவாய்த்துறைக் கணக்கில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற ஆவணம்) எடுங்கள். வில்லங்கத்தில் கடைசியாக வாங்கியவர், பட்டாவில் இருப்பவர், உங்களிடம் விற்பவர் மூவரும் ஒரே ஆள்தானா? லேஅவுட் என்றால் டி.டி.சி.பி. எனும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகார எண் வேண்டும். "அப்புறம் வரன்முறை செய்துக்கலாம்", அதாவது அங்கீகாரத்தைப் பிறகு வாங்கிச் சரிசெய்துக்கலாம் என்பார்கள், நம்பாதீர்கள். அது 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கான திட்டம். நேற்று கல் ஊன்றிய இடத்துக்குப் பொருந்தாது.

இவ்வளவும் சரியாக இருந்தால் அட்வான்ஸை வங்கி வழியாகக் கொடுங்கள். வக்கீல் பார்த்து மூலப்பத்திரத்தில் குறை சொன்னால் முழுத்தொகையும் திரும்ப வர வேண்டும் என்று அக்ரிமென்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரிக்கு ஒத்துக்கொள்கிற ஆளிடம் பயப்பட என்ன இருக்கிறது?

வண்ணார்பேட்டைக்காரன்:
காகிதத்தோடு தண்ணீரையும் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் வந்த ஊர் இது. மனைக்குப் பக்கத்து டீக்கடையில், அன்றைக்குத் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். புரோக்கர் கூட வராத நேரமாகப் போய்க் கேளுங்கள். பக்கத்தில் குளம் இருந்தால் மறுகால் (குளம் நிரம்பி வழியும் தண்ணீர்) எந்தப் பக்கம் பாய்கிறது என்றும் விசாரியுங்கள்.

பேட்டை அக்கா:
கையில் எட்டு லட்சம் என்றால் ஏழு லட்சத்துக்கு மனை பாருங்க தம்பி. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 63,000 ரூபாய் போய்விடும். வக்கீல், எழுத்துக்கூலி தனி. அம்மா பேரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். 2025 ஏப்ரலிலிருந்து பத்து லட்சம் வரை பெண்கள் பேரில் பதியும் சொத்துக்கு இந்தச் சலுகை உண்டு. நான் என் பேரில்தான் வாங்கினேன்.

சிப்காட் தம்பி:
எல்லாருக்கும் நன்றி. தாழையூத்து மனைக்கு நேற்றே எண் வாங்கிப் பார்த்துவிட்டேன். வில்லங்கம் சுத்தம். ஆனால் பட்டா விற்பவரின் அப்பா பெயரில் இருக்கிறது. அவர் இறந்துவிட்டாராம். "நான் ஒரே பையன், பிரச்சினையே இல்லை" என்கிறார்.

பாளை பத்திர எழுத்தர்:
ஒரே பையன் சரி, பெண் பிள்ளைகள் உண்டா? அதைக் கேளுங்கள். "நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு, அவங்களுக்கு என்ன பங்கு" என்று நம் பக்கம் ரொம்பச் சாதாரணமாகச் சொல்வார்கள். இந்துக் குடும்பம் என்றால், உயில் எதுவும் எழுதாமல் இறந்திருந்தால் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு, மனைவிக்கும் உண்டு. வாரிசுச் சான்றிதழ் நகலை வாங்குங்கள். அதிலுள்ள அத்தனை பேரும் சார்பதிவாளர் முன்னால் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வெளியூரில் இருந்தால் பதிவு செய்த பவர் (தனக்காகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) வேண்டும். வாரிசுகள் எல்லாரும் வர ஒத்துக்கொண்டால் அடுத்த வாரமே அக்ரிமென்ட் போடுங்கள், இழுக்க வேண்டாம். எழுதும் முன் வரைவை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.