மழை ஆரம்பித்ததிலிருந்து போட்டோரெசிஸ்ட் உரிந்து வருகிறது, என்ன செய்யலாம்?

நாகமலைக்காரன்:
மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் பிஎச்.டி. பண்ணுகிறேன், கேஸ் சென்சாருக்கு மின்முனை போடுகிற வேலை. சிலிக்கான் வேஃபர் மேல் 300 நானோமீட்டர் ஆக்ஸைடு, எஸ்1813 போட்டோரெசிஸ்ட் (வெளிச்சம் பட்ட இடம் மட்டும் கரைந்துபோகும் பூச்சு), 4000 ஆர்பிஎம் சுற்றல், ஹாட் பிளேட்டில் 115 டிகிரி ஒரு நிமிடம். சித்திரை வெயிலில் இதே ரெசிப்பியில் 5 மைக்ரான் கோடுகூட சுத்தமாக நின்றது. ஐப்பசி மழை பிடித்ததும் டெவலப்பரில் (வெளிச்சம் பட்ட ரெசிஸ்ட்டைக் கரைக்கும் திரவம்) போட்டவுடன் மெல்லிய கோடுகள் முழுசாகக் கழன்று மிதக்கின்றன, பெரிய பேட் (அகலமான பரப்பு) மட்டும் தப்பிக்கிறது. க்ளீன்ரூம் என்று பேர்தான், ஏசி போட்ட அறை, ஜன்னலில் மஞ்சள் தாள். அசிட்டோன், ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) போட்டுக் கழுவி, நைட்ரஜன் ஊதி உடனே கோட் பண்ணுகிறேன். டெவலப்பர் பாட்டில் புதுசு. இன்னொன்று, ஐஐடி மாதிரி இடங்களில் எங்களையெல்லாம் உள்ளே விடுவார்களா?

வெள்ளைக்கோட்டு:
ஓவர் டெவலப் ஆகியிருக்கும் தம்பி. நேரத்தைக் குறைத்துப் பாருங்கள், பேக்கை (ஹாட் பிளேட் சூட்டை) 130க்கு ஏற்றுங்கள்.

தெப்பக்குளம் தாத்தா:
130 வேண்டாம். அந்தச் சூட்டில் ரெசிஸ்டில் இருக்கிற ஒளி உணரும் பொருள் சிதைய ஆரம்பிக்கும், அப்புறம் எக்ஸ்போஷரை ஏற்றிக்கொண்டே போக வேண்டியதுதான். ஓவர் டெவலப் என்றால் கோடு மெலிந்து கரையும், முழுசாக மிதக்காது. இது ஒட்டாத கோளாறு. ஆக்ஸைடு மேற்பரப்பு முழுக்க ஓஹெச் (ஹைட்ராக்சில்) தொகுதிகள், அவற்றுக்கு ஈரத்தின் மேல் அவ்வளவு ஆசை. மழைக்காலத்துக் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், ரெசிஸ்ட் அந்தத் தண்ணீர்ப் படலத்தின் மேல்தான் உட்காருகிறது. டெவலப்பரும் தண்ணீர்தானே, ஓரத்தில் நுழைந்து அடியோடு தூக்கிவிடும். மெல்லிய கோட்டுக்கு அகலம் கம்மி, ஓரம் ஜாஸ்தி, அதனால் அதுதான் முதலில் போகும்.

சுத்தம் பண்ணின வேஃபரில் ஒரு சொட்டு டிஐ தண்ணீர் (அயனி நீக்கிய சுத்தத் தண்ணீர்) விட்டுப் பாருங்கள். பரந்து ஓடினால் நான் சொல்வதுதான் காரணம்.

ஊதிக் காயவைப்பது போதாது. 200 டிகிரி ஹாட் பிளேட்டில் ஐந்து பத்து நிமிடம் வைத்து, ஆறினதும் தாமதிக்காமல் ஹெச்எம்டிஎஸ் (ரெசிஸ்ட் ஒட்டுவதற்காகப் போடும் ரசாயனம்) ஆவி காட்டுங்கள். டெசிகேட்டரில் (மூடி போட்ட கலம்) சின்னக் கிண்ணத்தில் சில சொட்டு, ஃப்யூம் ஹூடுக்குள், பக்கத்தில் நெருப்பு ஆகாது. அது ஓஹெச்சோடு வினைபுரிந்து, தண்ணீர் ஒட்டாத பரப்பாக மாற்றிவிடும். சில லேபில் திரவமாகவே ஊற்றிச் சுற்றுகிறார்கள், எனக்கு அது பிடிக்காது, தடிமனாகத் தங்கினால் பேக்கில் அம்மோனியா விட்டு ரெசிஸ்டின் அடிப்பகுதியையே கெடுக்கும்.

வெள்ளைக்கோட்டு:
அப்படியென்றால் டிஹ்யூமிடிஃபையர் போட்டு அறையை முழுசாகக் காய வைத்துவிடலாமே?

தெப்பக்குளம் தாத்தா:
அதிலும் ஒரு வம்பு இருக்கிறதுங்க. இந்த வகை பாசிட்டிவ் ரெசிஸ்ட் வெளிச்சம் பட்டு அமிலமாக மாற, ரெசிஸ்ட் படலத்துக்குள் கொஞ்சம் ஈரம் வேண்டும். 40-50 சதவீதத்தில் நிறுத்துங்கள், பாலைவனம் ஆக்க வேண்டாம்.

வைகை எக்ஸ்பிரஸ்:
இரண்டாவது கேள்விக்கு. ஐஎன்யூபி (இந்தியன் நானோ எலெக்ட்ரானிக்ஸ் யூசர்ஸ் ப்ரோகிராம்) என்று ஒரு திட்டம், மத்திய மின்னணு தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் பணத்தில், 2008 வாக்கில் பெங்களூரு ஐஐஎஸ்சியிலும் ஐஐடி பாம்பேயிலும் ஆரம்பித்தது. இப்போது ஐஎன்யூபி-ஐ2ஐ என்ற பெயரில் ஐஐடி மெட்ராஸ், டெல்லி, கரக்பூர், குவாஹாட்டியும் சேர்ந்துவிட்டன. நம்மைப் போன்ற வெளிக் கல்லூரிக்காரர்களுக்காகவே வைத்தது, தாராளமாக விடுவார்கள். முதலில் பயிற்சிப் பட்டறைக்குப் போங்கள், அப்புறம் புரொபோசல். எத்தனை மாஸ்க் (வடிவம் பதிக்கும் தகடு), எந்த ஸ்டெப் உங்கள் லேபிலேயே முடியும், எது அங்கே வேண்டும் என்று பிராசஸ் ஃப்ளோ தெளிவாக எழுதுங்கள், சென்சாரின் பெருமையை நாலு பக்கம் எழுதினால் மட்டும் ஆகாது. தங்கம் போட்ட சாம்பிள் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சிலிக்கான் ஃபர்னஸ் பக்கம் தங்கம் வந்தால், சிலிக்கானுக்குள் பரவிக் கெடுத்துவிடுமே என்று பதறிப்போவார்கள். மதுரையில் ராத்திரி மைசூரு வண்டி ஏறினால் காலையில் பெங்களூரு.

நாகமலைக்காரன்:
தாத்தா, சொட்டு விட்டேன், விரித்த பாய் மாதிரி பரந்து போனது. பேக்கும் ஆவியும் முடிந்த பிறகு உருண்டு நின்றது, 5 மைக்ரான் கோடும் இன்று நின்றுவிட்டது. சுத்தம் பண்ணின வேஃபர்களை மொத்தமாகச் செய்து பெட்டியில் போட்டு, அடுத்த வாரம் கோட் பண்ணலாமா?

தெப்பக்குளம் தாத்தா:
வேண்டாம் தம்பி. அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே செய்யுங்கள். ஏற்கெனவே பெட்டியில் கிடக்கிறதென்றால் திரும்பவும் சொட்டு விட்டுப் பாருங்கள், பரந்தால் 200 டிகிரி பேக்கிலிருந்து மறுபடி.